பழைய பெட்டிக்குள் ஒரு நீலக்கதிர்

உங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறதா? பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கியது, அவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் மேலே ஒரு துண்டைப் போர்த்தி மூலையில் தள்ளியது? தயவுசெய்து அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு டிரைவ், ஒரு சின்ன கார்டு, ஒரு கேபிள், ஒரு மென்பொருள். இவ்வளவு போதும், அந்தப் பெட்டி புளூ-ரே ஓட்டும். ஓட்டும் என்றால் ஏனோதானோவென்று ஓட்டாது. நான் என் ஆயுசில் எந்தத் தியேட்டரிலும் பார்க்காத தெளிவில் ஓட்டும். எனக்கு ஆன செலவு எட்டாயிரம் ரூபாய்க்குள். அதே காரியத்துக்குக் கடையில் தனி பிளேயர் விலை கேட்டேன். இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள்.

நான் இருப்பது ராசிபுரம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வித்தை படித்தவன் இல்லை, சினிமா பார்க்கிறவன். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை. அதனால்தான் இதை இவ்வளவு ஆசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெட்டி இன்டெல்லின் கோர் ஐ3, இரண்டாம் தலைமுறை. 4 ஜிபி ராம். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது சேலத்தில் அசெம்பிள் பண்ணி வாங்கியது. அதில் எச்டிஎம்ஐ வாய் கிடையாது. பழைய விஜிஏ மட்டும். ஹாலில் 40 அங்குல எல்இடி டிவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று சேலத்தில் நாலு ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு தம்பியிடம் கேட்டேன். அவர் கேபினெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்த பிராசஸர் தாராளமாத் தாங்கும்ங்ணா. உங்களுக்கு வேணுங்கிறது ரெண்டே ரெண்டு ஐட்டம்” என்றார். அந்த வாக்கியத்துக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

முதல் ஐட்டம், டிரைவ். இங்கேதான் விஷயமே இருக்கிறது. சிடியும் டிவிடியும் போடுகிற அதே இடத்தில், அதே அளவில், அதே சாட்டா கேபிளில் மாட்டுகிற ‘புளூ-ரே காம்போ’ டிரைவ் என்று ஒன்று உண்டு. புளூ-ரேவைப் படிக்கும், சிடி, டிவிடியைப் படிக்கவும் செய்யும், எழுதவும் செய்யும். புளூ-ரேவில் எழுத மட்டும் வராது. நமக்குப் படம் பார்க்க எழுதும் வசதி எதற்கு? புளூ-ரே எழுதுகிற டிரைவை விட இது விலை குறைவு. எல்ஜி, ஏசஸ், லைட்-ஆன் எல்லாம் போட்டிருக்கிறார்கள். புதிதாக வாங்க ஆசைதான். ஆனால் என் மச்சினன் லாரி வைத்திருக்கிறார். மும்பைக்கு லோடு ஏற்றிக்கொண்டு அவரே கூடப் போவதும் உண்டு. நாமக்கல் வண்டி போகாத ஊர் இந்தியாவில் ஏது? லாமிங்டன் ரோட்டில் பழைய டிரைவ்கள் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கடைக்காரர் முன்னால் நின்று வீடியோ காலில் கூப்பிட்டார். “மாமா, டிஸ்க்கைப் போட்டு ஓட்டிக் காட்டறாங்க, பாத்துக்கங்க. சத்தம் எதும் வரல.” 2,200 ரூபாய். பழையது வாங்குகிறவர்கள் இப்படித்தான் வாங்க வேண்டும். புளூ-ரே டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், போட்டு ஓட்டச் சொல்லி, படம் வந்தபிறகு காசு கொடுங்கள். டிவிடி ஓடுவதைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏனென்றால் டிவிடிக்கு ஒரு லேசர், புளூ-ரேவுக்கு வேறு லேசர். ஒன்று போனாலும் மற்றது ஓடும்.

அந்த லேசரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கதிர். புளூ-ரேவைப் படிப்பது 405 நானோமீட்டர், நீலமும் ஊதாவும் கலந்த கதிர். அலை சிறுத்தால் புள்ளி சிறுக்கும். புள்ளி சிறுத்தால் அதே வட்டத் தகட்டில் தடங்களை இன்னும் நெருக்கிப் போடலாம். டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.74 மைக்ரான். புளூ-ரேவில் 0.32. அதனால்தான் டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி பிடிக்கிற இடத்தில் இதில் 25 ஜிபி பிடிக்கிறது, இரண்டு அடுக்கு என்றால் 50. படத்தின் அளவைப் பாருங்கள். நம் ஊர் டிவிடி 720க்கு 576 புள்ளி. புளூ-ரே 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு!

நீலத்தில் பிரகாசமான ஒளி தரும் சிறு சில்லைச் செய்ய உலகமே பல ஆண்டு திணறியது. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவர் காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு அதைச் சாதித்தார்கள். 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குத்தான். இதில் நகமுரா வேலை பார்த்தது டோக்கியோவில் இல்லை. ஷிகோகு தீவில், தொகுஷிமா மாவட்டத்தில், அனான் என்ற சிறிய ஊரில் இருக்கும் நிச்சியா கம்பெனியில். அங்கே உட்கார்ந்து நீல எல்இடியைச் செய்து, அதன் தொடர்ச்சியாக 1990களின் நடுவில் லேசரையும் செய்தார். ராசிபுரத்தில் உட்கார்ந்து டிரைவின் தட்டைத் திறக்கும்போதெல்லாம் அனான் ஊரை நினைத்துக்கொள்கிறேன். மனசு நிறைகிறது.

இரண்டாவது ஐட்டம், கிராபிக்ஸ் கார்டு. போர்டில் எச்டிஎம்ஐ இருக்கிறவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். எங்களுக்கு வேண்டியிருந்தது. ஏன் விஜிஏ போதாது என்றால், படத்தைத் திருடாமல் இருக்க எச்டிசிபி என்று ஒரு காவல் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மென்பொருள், கார்டு, டிவி என்று வழியில் இருக்கும் எல்லாம் அதை ஒத்துக்கொண்டால்தான் முழுத் தெளிவில் படம் வரும். விஜிஏவுக்கு அது தெரியாது. தம்பி போட்டுக் கொடுத்தது என்விடியா ஜிடி 710. கேம் விளையாடுகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத கார்டு. நமக்கோ தங்கம்! 19 வாட் மின்சாரம்தான் இழுக்கும். தனி பவர் வயர் கிடையாது, பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும். எங்களுடையதில் ஃபேன் கிடையாது, வெறும் அலுமினியத் தகடு. ஃபேன் இல்லாததால் சத்தம் இல்லை. லாரிப் புழுதி பறக்கிற எங்கள் ஊரில் தூசி பிடித்து நின்றுபோகவும் எதுவும் இல்லை. சித்திரை வெயிலிலும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை. புளூ-ரேவில் படம் மூன்று முறைகளில் ஏதாவது ஒன்றில் சுருக்கப்பட்டிருக்கும்: எம்பெக்-2, விசி-1, எச்.264. மூன்றையும் விரிக்கும் வேலையை இந்தக் கார்டே செய்துவிடுகிறது. படம் ஓடும்போது ஐ3 சும்மா உட்கார்ந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து அதிசயப்பட்டேன். பழையதாக 1,400 ரூபாய். எச்டிஎம்ஐ கேபிள் 250.

மிச்சம், மென்பொருள். விண்டோஸில் புளூ-ரே ஓட்டும் வசதி கூடவே வராது. தைவானின் சைபர்லிங்க் கம்பெனியின் பவர்டிவிடிதான் நான் வைத்திருப்பது. டிரைவோடு சும்மா கொடுக்கும் பதிப்பில் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கருக்குத்தான் சத்தம் வரும். நான் ‘அல்ட்ரா’ பதிப்பை, தள்ளுபடி போட்ட சமயம் பார்த்து, நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினேன். மொத்தச் செலவில் பாதி இதற்கே போனது. ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது ஏன் என்று புரியும்.

அதற்கு முன்னால் ஒரு செட்டிங். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சினிமா நொடிக்கு 24 படம். கம்ப்யூட்டர் டிவிக்கு அனுப்புவது சாதாரணமாக நொடிக்கு 60. 24-ஐ 60-க்குள் சமமாக அடைக்க முடியாது. ஒரு படத்தை மூன்று தரம், அடுத்ததை இரண்டு தரம் காட்டி ஒப்பேற்றும். கேமரா மெதுவாக வலமிருந்து இடமாக நகரும் காட்சியில் இதைத் தடக் தடக் என்ற அதிர்வாகக் கண் உணரும். டிஸ்பிளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60-லிருந்து 24-க்கு, பட்டியலில் 23 என்றும் போட்டிருக்கும், மாற்றிவிடுங்கள். அதோடு டிவியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று இருப்பதைப் போட்டுவிட்டால் ஓரங்களை வெட்டாமல், இழுக்காமல், புள்ளிக்குப் புள்ளி காட்டும். கறுப்பு வெளுத்துத் தெரிந்தால் கார்டின் கன்ட்ரோல் பேனலில் ‘டைனமிக் ரேஞ்ச்’ என்பதை ஃபுல்லுக்கும் லிமிடெட்டுக்கும் மாற்றிப் பாருங்கள். டிவியும் கார்டும் ஒரே பேச்சுப் பேச வேண்டும், அவ்வளவுதான். மொத்தம் பத்து நிமிஷ வேலை, பைசா செலவில்லை. 24-க்கு மாற்றிய அந்தக் கணத்தில் டிவி படம் சினிமா ஆனது. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் போட்ட டிஸ்க் ‘பராகா’. 1992-ல் ரான் ஃப்ரிக் எடுத்தது. கதை கிடையாது, வசனம் கிடையாது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 70 எம்எம்மில் பிடித்த உலகம். அந்தப் பெரிய நெகட்டிவை 8கே தரத்தில் ஸ்கேன் செய்து 2008-ல் புளூ-ரேயாக வெளியிட்டார்கள். வசனமே இல்லாத படம் என்பதால் அம்மாவையும் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் நாமக்கல்லில் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் சூப்பர்வைசராக இருக்கிறார், அவரும் வந்தார்.

காசி வந்தது. அதிகாலைக் கங்கை, படித்துறை, நீரில் நிற்கும் மனிதர்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “ஏஞ்சாமி, தண்ணி அசையறதுகூடத் தெரியுதே” என்றார். தெரிந்தது. ஈரத் துணியின் மடிப்புத் தெரிந்தது, படிக்கல்லின் தேய்மானம் தெரிந்தது. அம்மா காசிக்குப் போனதில்லை. அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்.

பிறகு அந்தக் குஞ்சுகள். ‘பராகா’ பார்த்தவர்கள் மறக்கவே முடியாத காட்சி அது. ஒரு பொரிப்பகம். கன்வேயர் பெல்ட்டில் மஞ்சள் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வந்து விழுகின்றன. கைகள் பிடிக்கின்றன, பிரிக்கின்றன, தள்ளுகின்றன. நடுநடுவே டோக்கியோ ரயில் நிலையத்தில் விரைந்து போகும் ஜனங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “தம்பி, நிறுத்துங்க நிறுத்துங்க. இது ஒரு நாள் குஞ்சு. இறக்கையப் பாருங்க, இன்னும் ஈரம் முழுசாக் காயல” என்றார். நிறுத்தினேன். இறக்கை என்று சொல்லவே முடியாத அந்தச் சின்னத் தூவியில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக நின்றது. நாள் முழுக்கக் குஞ்சுகளோடு இருக்கிற மனுஷன், திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் காட்டிக் காட்டிப் பேசினார். எந்தக் கை ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது, எந்தக் கை வேகம், பெல்ட் எப்படி ஓடுகிறது என்று. முட்டைக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்துக் கண் அந்தக் காட்சியை எப்படிப் பார்க்கும் என்று ரான் ஃப்ரிக் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்! இதே படத்தை நான் முன்பு ஃபோனில் பார்த்திருக்கிறேன். அதில் அது மஞ்சளாக ஏதோ உருண்டு போவது. இதில் உயிர்.

ஃபோனில், டிவியில் வருவதும் எச்டிதானே என்று கேட்பார்கள். எச்டிதான். ஆனால் நெட்ஃப்ளிக்ஸ் 1080 தரத்துக்குக் கேட்கிற இணைய வேகம் நொடிக்கு 5 மெகாபிட். புளூ-ரே டிஸ்க்கில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கிற தகவல் வேறு. புகை, மழை, தண்ணீர், கூட்டம், இருட்டு, இந்த ஐந்திலும் இணையத்துப் படம் கட்டம் கட்டமாக உடையும். டிஸ்க் உடையாது. அதுவும் சாயங்காலம் தெருவே ஒரே நேரத்தில் ஃபோனை எடுக்கும்போது எங்கள் ஊர் இணையம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிஸ்க்குக்கு இணையமே வேண்டாம்.

அடுத்து ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’. 1962 படம், 65 எம்எம் நெகட்டிவ். ஐம்பதாம் ஆண்டுக்காகப் புதுப்பித்து 2012-ல் புளூ-ரேயில் கொண்டுவந்தார்கள். பாலைவன வெயிலில் நெகட்டிவின் பூச்சிலேயே விழுந்த வெடிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறார்கள். படம் ஆரம்பிக்கும்போது திரை இருட்டாகவே இருக்கும். மொரீஸ் ஜாரின் இசை மட்டும் நாலு நிமிஷம் போல ஓடும். “படமே வரலையே சாமி” என்று அம்மா சொல்ல, “கேளுங்கம்மா” என்றேன்.

இங்கேதான் அந்த அல்ட்ரா பதிப்பின் அருமை. எங்கள் பக்கம் அசெம்பிள் பண்ணின 5.1 ஆம்ப் பல வீடுகளில் உண்டு. ஒரு காலத்தில் எல்லாரும் ஆசைப்பட்டுச் செய்து வாங்கி, ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்தபின் அலமாரிக்கு மேலே ஏற்றிவைத்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. அதன் முதுகைப் பாருங்கள், ஆறு சேனலுக்கும் தனித்தனி ஆர்சிஏ வாய் இருக்கும். இப்போது கம்ப்யூட்டரின் முதுகைப் பாருங்கள். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஆடியோ வாய். பச்சையில் முன் இரண்டு, கறுப்பில் பின் இரண்டு, ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும். மூன்று கேபிள் வாங்கி இதை அதில் மாட்டி, விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 5.1 என்று சொல்லிவிட்டால், டிஸ்க்கில் இருக்கிற டிடிஎஸ்-எச்டி, டால்பி ட்ரூஎச்டி ஒலித்தடத்தை மென்பொருள் விரித்து ஆறு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் போட்டு ஏவி ரிசீவர் வாங்க வேண்டாம். நம் ஊர்க் கைவினைஞர் செய்த ஆம்ப் போதும். எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள், இரண்டு பழைய சாமான்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்த மாதிரி!

இசை முடிந்து, படம் வந்து, அந்தக் கிணற்றடிக் காட்சியும் வந்தது. அடிவானத்தில் கானல். அதற்குள் ஒரு புள்ளி. வெகுநேரம் புள்ளியாகவே இருக்கிறது. அசைகிறதா இல்லையா என்று சந்தேகம். மெல்ல மெல்ல அது ஒட்டகம் ஆகி, ஒட்டகத்தின் மேல் ஆள் ஆகி, ஒமர் ஷெரீஃப் ஆகிறது. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் நீண்ட லென்ஸை வைத்துப் பிடித்தது. பழைய டிவிடியில் அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடமே காலி. ஒட்டகம் பாதி தூரம் வந்தபிறகுதான் கண்ணுக்கு அகப்படும். புளூ-ரேவில் புள்ளி புள்ளியாக இருக்கும்போதே தெரிகிறது. அந்தக் காட்சியின் பயமும் பரபரப்பும் மொத்தமும் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. இயக்குநர் டேவிட் லீன் நம்மைக் காத்திருக்க வைத்த நேரம் முழுசாகக் கிடைத்தது. ஏறக்குறைய நாலு மணி நேரப் படம். யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மும். சத்யஜித் ராயின் அப்பு மூன்று படங்கள். அவற்றின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் கருகின. கருகிப்போனதைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் அகாடமி ஆவணக் காப்பகம் பத்திரமாக வைத்திருந்தது. பிறகு இத்தாலியில் போலோன்யா நகரத்து லேபில், ஒட்டிப்போய், சுருங்கிப்போய், நொறுங்கும் நிலையில் இருந்த ஃபிலிமைப் பக்குவப்படுத்தி, மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே ஒட்டி மீட்டார்கள். மீட்க முடியாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். க்ரைட்டீரியன் கம்பெனி 2015-ல் புளூ-ரேயாக வெளியிட்டது. என் மகள் அமெரிக்காவிலிருந்து வந்த தோழி மூலம் தருவித்து என் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள்.

இங்கே ஒரு நுட்பம். புளூ-ரேவில் உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. பல பெரிய ஸ்டூடியோக்களின் டிஸ்க்குகளுக்கு இந்த எல்லையே கிடையாது, எங்கும் ஓடும். ஆனால் க்ரைட்டீரியனின் அமெரிக்க டிஸ்க் ஏ. இந்தியாவில் வாங்கிய தனி பிளேயர் அதை மறுத்துவிடும். கம்ப்யூட்டரிலோ எல்லையைப் பார்ப்பது மென்பொருள்தான். பவர்டிவிடியில் ஐந்து முறை வரை மாற்றிக்கொள்ளலாம். நான் ஏ-யில் நிறுத்திவிட்டேன். எல்லை இல்லாத டிஸ்க்குகள் எப்படியும் ஓடுகின்றன, க்ரைட்டீரியனும் ஓடுகிறது. தனி பிளேயரை விடக் கம்ப்யூட்டர்தான் மேல் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

‘பதேர் பாஞ்சாலி’ ஓடியது. நாணல் காடு, வெள்ளைப் பூக்கள், அதற்கு அப்பால் ரயில், அக்காளும் தம்பியும் ஓடுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் இத்தனை வகைச் சாம்பல் நிறம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இதுதான் முதல் படம். அதற்கு முன் அவர் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை. குளத்து நீரில் பூச்சி நடக்கும் கோடு, மழையின் முதல் சொட்டு, இந்திர் பாட்டியின் முகச் சுருக்கம். எல்லாவற்றின் மேலும் ஃபிலிமின் துகள்கள் மெலிதாக உயிரோடு அசைகின்றன. அந்தத் துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிற பிரதிகள் உண்டு, முகங்கள் மெழுகாகிவிடும். இதில் துகளை விட்டு வைத்திருக்கிறார்கள். தீயில் வெந்து தப்பித்த படம் எங்கள் ஹாலில் ஓடுகிறது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நானும்தான்.

இதையெல்லாம் பார்க்கும்போது ஓர் ஆசை எழுந்து நெஞ்சை அடைக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சேலம் பக்கத்துக்காரர்கள். சினிமா எங்கள் மண்ணில் விளைந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில் படித்து வந்த டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சேலத்திலிருந்தே எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ இங்கே உருவானது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட ‘உத்தம புத்திரன்’ இங்கே. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘மந்திரி குமாரி’ இங்கே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், 1956-ன் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, அதுவும் இங்கே. ஏற்காடு போகும் சாலையில் அந்த ஸ்டூடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது நான் ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்து பார்ப்பேன். அந்தப் படங்களை இன்று நாம் பார்ப்பது வெளிறிப்போன, ஓரம் வெட்டிய, டிவி சேனல் முத்திரை குத்திய பிரதிகளில். ‘அலிபாபா’வின் கேவா கலரை, எம்ஜிஆரும் பானுமதியும் உடுத்திய நிறங்களை, எடுத்தபடியே பார்க்க வேண்டும். போலோன்யாவில் எரிந்த ஃபிலிமை மீட்டவர்களால் முடிந்தது, மனசு வைத்தால் இங்கேயும் முடியும். அந்த டிஸ்க் வருகிற நாளில் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். ஓட்டுவதற்குப் பெட்டி தயாராக இருக்கிறது.

தமிழ் டிஸ்க்குகள் என்று பார்த்தால், லண்டனிலிருந்து ஐங்கரன் நிறுவனம் தமிழ்ப் படங்களைப் புளூ-ரேவிலும் வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது நான் கேட்பது சாக்லேட் இல்லை, அதுதான். மற்றபடி பழைய டிஸ்க்குகள் 200, 300 ரூபாய்க்கு ஆன்லைனிலும் பெருநகரத்துப் பழைய கடைகளிலும் கிடைக்கின்றன. 2007-ல் மோசர் பேயர் வந்து விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் மளிகைக் கடையில்கூடத் தொங்கவிட்டது ஞாபகம் இருக்கும். அந்த ஒரிஜினல் டிவிடிகள் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவையும் இதே டிரைவில் ஓடுகின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மேலுறை நீல நிறத்தில் இருப்பது சாதாரணப் புளூ-ரே, அதுதான் நமக்கு. கறுப்பு உறையில் ‘4கே அல்ட்ரா எச்டி’ என்று இருப்பதை இந்த டிரைவ் படிக்காது. அதைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்ட வேறு டிரைவும், இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி உள்ள சிப்பும் வேண்டும். 7-ஆம் தலைமுறையிலிருந்து 10-ஆம் தலைமுறை வரைதான் அதற்கு வழி; பிறகு வந்த டெஸ்க்டாப் சிப்களிலிருந்து இன்டெல்லே அந்த வசதியை எடுத்துவிட்டது. 40 அங்குலத் திரைக்கு 1080 தாராளம். பல 4கே பொட்டலங்களில் சாதாரணப் புளூ-ரேயும் கூடவே இருக்கும், அது ஓடும்.

டிஸ்க்கைப் பார்த்துக்கொள்வதும் சுலபம். தகவல் இருக்கிற அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது என்பதால் கெட்டிப் பூச்சு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தால் போதும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பெட்டிக்கு ஒரு யுபிஎஸ் அவசியம். 2012-ல் எங்கள் பக்கம் பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலம் இப்போது இல்லை. ஆனாலும் லாரன்ஸ் கிணற்றடியில் நிற்கும்போது ஒரு விநாடி மின்சாரம் கண்ணடித்தாலும் மனசு தாங்காது.

டிஸ்க்கின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது நாம் எழுதிக்கொள்ளும் வெற்று டிஸ்க் தயாரிப்பை. படம் பதித்து விற்கும் டிஸ்க்குகள் இன்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றன. டிரைவ் செய்கிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் ஆசை இருக்கிறவர்கள் தள்ளிப்போடாமல் இப்போதே ஒரு டிரைவைப் பிடித்துவிடுங்கள். நான் இன்னொன்றை வாங்கி, தெர்மோகோல் வைத்து பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் அன்று ‘பராகா’ பார்த்துவிட்டுப் போனவர், மறுநாள் காலையிலேயே தன் மகனின் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் திண்ணையில் வைத்தார். “தம்பி, இது ஆகுமான்னு பாத்துச் சொல்லுங்க.” பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எச்டிஎம்ஐ இருந்தது. கார்டு வேண்டியதில்லை. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு காம்போவை மாட்டினால் முடிந்தது. மச்சினனுக்கு ஃபோன் போட்டு, அடுத்த மும்பை லோடு எப்போது என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றார். ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் வேண்டுமென்றால் அதற்குள் சொல்லிவிடுங்கள்.